பாப்பா வயித்துல துண்டு போட்டு இடம் பிடிக்கிறது யாரு?

எங்க அக்காவுக்கு பிபி எகிறிப்போய் 31வது வாரத்துலயே ஆபரேஷன் பண்ணி பாப்பாவ எடுத்துட்டாங்க, எடை 1,320 கிராம். என்ஐசியு, அதான் பச்சக்குழந்தைங்க ஐசியு, வாசல்ல சேர் போட்டு உக்காந்திருக்கற டூட்டி சித்தியான எனக்கு. தினம் காலைல ஏழரை மணிக்கு ஒரு சிஸ்டர் வெளிய வந்து எடை சொல்லுவாங்க, 1,290, அப்புறம் 1,255, அப்புறம் 1,230ன்னு இறங்கிட்டே போகுது, பொறந்த உடனே எல்லாக் குழந்தைக்கும் தண்ணி எடை கொஞ்சம் வடியும், குறைமாசக் குழந்தைக்கு பத்து பதினஞ்சு சதவீதம்கூட இறங்கலாம்னு டாக்டர் சொன்னாரு, சரின்னு கேட்டுக்கிட்டோம், ஆனா காலைல ஏழே கால் ஆனாலே கை நடுங்கும்.

பக்கத்து வார்மர்ல, அதாவது சூடு குடுக்கற கட்டில்ல, இன்னொரு பாப்பா, அதுவும் கிட்டத்தட்ட அதே எடை, அதே வாரம். அது ரெண்டாவது வாரத்துல கிடுகிடுன்னு ஏற ஆரம்பிச்சிருச்சு, எங்களுது ஏறும், நிக்கும், வயிறு உப்பிக்கும், பாலை நிறுத்துவாங்க, மறுபடி 2 எம்எல்ல இருந்து ஆரம்பிப்பாங்க. பாலு எவ்ளோ உள்ள போகுதோ அவ்ளோ எடை ஏறணும், அதானே கணக்கு? அந்தக் கணக்கு ஏன் உதைக்குதுன்னு தேடப்போய்தான் இந்த குடல் கிருமி சமாச்சாரத்துக்குள்ள விழுந்தேன். நான் டாக்டர் இல்ல, படிச்சும் கேட்டும் புரிஞ்சதை, அன்னிக்கு எனக்கு யாராச்சும் இப்படி சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்ங்கற மாதிரி எழுதறேன்.

முதல்ல வார்த்தைங்க. 37 வாரம் முடியறதுக்கு முன்னாடி பொறந்தா குறைமாசம். பொறக்கும்போது இரண்டரை கிலோவுக்குக் கீழ இருந்தா எடைகுறைவு, ஒன்றரை கிலோவுக்குக் கீழன்னா ரொம்பக் குறைவு, ஒரு கிலோவுக்கும் கீழன்னா அது தனி உலகம். குறைமாசமும் எடைகுறைவும் ஒண்ணு இல்ல, மாசம் முழுசா ஆகியும் ரெண்டு கிலோல பொறக்கற குழந்தைங்க நம்ம ஊர்ல நிறைய. 2020ல உலகம் முழுக்க 1 கோடியே 34 லட்சம் குழந்தைங்க குறைமாசத்துல பொறந்திருக்கு, பத்துக்கு ஒண்ணு, அதுல இந்தியாவோட பங்கு மட்டும் சுமார் 30 லட்சம்.

இந்தக் குழந்தைங்களுக்கு டாக்டருங்க வெச்சிருக்கற டார்கெட் என்னன்னா கிலோவுக்கு ஒரு நாளைக்கு 15ல இருந்து 20 கிராம். எங்க பாப்பாவுக்கு ஒரு நாளைக்கு இருபது இருபத்தஞ்சு கிராம், அதாவது மூணு பத்து ரூபா காயின் எடை. அம்மா வயித்துக்குள்ள இருந்திருந்தா என்ன வேகத்துல வளந்திருக்குமோ கிட்டத்தட்ட அந்த வேகம், ஆனா உள்ள தொப்புள்கொடி வழியா எல்லாம் ரெடிமேடா ரத்தத்துல வந்துச்சு, இப்ப அதே வேலைய இன்னும் வேலைக்கே தயாராகாத ஒரு குடல் செய்யணும்.

அந்தக் குடல் பொறக்கறவரைக்கும் காலி வீடு. கருப்பையிலயே கிருமி இருக்குன்னு நடுவுல ஒரு வாதம் ஓடுச்சு, பெரும்பாலான ஆராய்ச்சியாளருங்க அதை ஒத்துக்கல. காலி வீடுங்கறதுக்கு நம்ம கண்ணு முன்னாடியே ஒரு சாட்சி இருக்கு, குழந்தை பொறந்ததும் தொடைல ஒரு வைட்டமின் கே ஊசி போடறாங்கல்ல, அது எதுக்குன்னா ரத்தம் உறையறதுக்கு அந்த வைட்டமின் வேணும், அம்மாகிட்ட இருந்து நஞ்சுக்கொடி தாண்டி வர்றது ரொம்பக் கம்மி, தாய்ப்பால்லயும் கம்மி, பெரியவங்க குடல்ல அதுல ஒரு பங்கை கிருமிங்க தயாரிச்சுக் குடுக்குது, பாப்பா குடல்ல அந்த வேலைக்காரங்களே இன்னும் வந்து சேரல. அதனாலதான் ஊசி.

பொறந்த நிமிஷத்துல இருந்து குடியேற்றம் ஆரம்பம். இதை நான் நம்ம ஊரு பஸ் மாதிரிதான் யோசிச்சுப் பாக்கறேன். தீபாவளிக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்டுக்குள்ள காலி பஸ் நுழையுது, ஜன்னல் வழியா யாரு முதல்ல துண்டு போடறாங்களோ அவங்களுக்குத்தான் சீட்டு, அப்புறம் வர்றவங்க எவ்ளோ நல்லவங்களா இருந்தாலும் நின்னுக்கிட்டுதான் வரணும். நிறைமாசத்துல சுகப்பிரசவமாகி உடனே தாய்ப்பால் குடிக்கற குழந்தைக்கு அம்மாவோட பிறப்புவழி, அம்மாவோட குடல், தோலு, மார்பு இங்க இருந்தெல்லாம் கிருமிங்க வந்து ஏறுது. கொஞ்ச நாள்லயே பிஃபிடோபாக்டீரியம்னு ஒரு கூட்டம் பெரும்பாலான சீட்டைப் பிடிச்சிடும், அதுதான் நமக்கு வேண்டிய கூட்டம்.

குறைமாசக் குழந்தைக்கு என்ன ஆகுது? நிறைய பேரு சிசேரியன். பொறந்த அன்னிக்கே இன்ஃபெக்‌ஷன் பயத்துல ஆம்பிசிலின், ஜென்டாமைசின்னு ஆன்டிபயாட்டிக். அம்மா ஒரு வார்டு, குழந்தை வேற மாடி. மூக்கு வழியா ட்யூபு. பால் முதல் ஒண்ணு ரெண்டு நாள் சொட்டு சொட்டாத்தான், சிலதுக்கு அதுவும் இல்ல. ஆக இந்த பஸ்ல முதல்ல ஏறுறது அம்மா வீட்டு ஆளுங்க இல்ல, ஆஸ்பத்திரி ஆளுங்க. உலகம் முழுக்க பல என்ஐசியுல குழந்தைங்க மலத்தை தினம் எடுத்துப் பாத்ததுல கிட்டத்தட்ட ஒரே வரிசைதான் தெரியுது, முதல்ல தோல்ல இருக்கற ஸ்டெஃபைலோகாக்கஸ், அப்புறம் என்டெரோகாக்கஸ், அதுக்கப்புறம் க்ளெப்சியெல்லா, ஈ.கோலை மாதிரி ஆளுங்க. பிஃபிடோ வர்றதுக்கு வாரக்கணக்குல லேட்டாகுது.

பச்சக்குழந்தைங்க குடல் கிருமிய ஆராயறது நேத்து ஆரம்பிச்ச விஷயம் இல்ல. 1885லயே தியோடர் எஷெரிஷ்னு ஒரு ஜெர்மன் குழந்தை டாக்டர் பச்சக்குழந்தைங்க மலத்துல இருந்து ஒரு கிருமிய எடுத்து விவரிச்சாரு, ஈ.கோலைல இருக்கற அந்த 'ஈ' அவரு பேருதான். அடுத்து 1900 வாக்குல பாரிஸ்ல ஹென்றி டிஸ்ஸியேன்னு ஒருத்தர், தாய்ப்பால் குடிக்கற குழந்தைங்க மலத்துல கவட்டை மாதிரி ரெண்டா பிரிஞ்சிருக்கற ஒரு கிருமி நிறைய இருக்கறதைப் பாத்தாரு. அதான் பிஃபிடோ, ரெண்டா பிளந்ததுன்னு அர்த்தம்.

ஏன் தாய்ப்பால் குழந்தைங்ககிட்ட மட்டும் அது அவ்ளோ கூட்டமா இருக்குது? இந்த இடம்தான் எனக்கு வாய் பொளந்துச்சு. தாய்ப்பால்ல லாக்டோஸ் சர்க்கரை, கொழுப்பு இதுக்கு அடுத்தபடியா அதிகமா இருக்கற பொருள் ஒரு வகை சிக்கலான சர்க்கரைச் சங்கிலி, ஒலிகோசாக்கரைடுன்னு பேரு, 150 வகைக்கு மேல இருக்குது, லிட்டருக்கு 5ல இருந்து 15 கிராம், சீம்பால்ல இன்னும் அதிகம். இதை குழந்தையால செரிக்கவே முடியாது. யோசிச்சுப் பாருங்க, அம்மா உடம்பு தன்னோட சத்தை செலவு பண்ணி குழந்தை சாப்பிட முடியாத ஒரு பொருளை பால்ல கலந்து அனுப்புது, அது யாருக்குன்னா இந்த பிஃபிடோ கூட்டத்துக்கு. குறிப்பா இன்ஃபான்டிஸ்னு ஒரு வகை இருக்கு, அது இந்தச் சங்கிலிய முழுசா உள்ள இழுத்து உடைச்சுத் தின்னுட்டு அசிட்டிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் வெளிய விடும். குடல் கொஞ்சம் புளிச்சுப்போகும், அந்தப் புளிப்புல கெட்ட கிருமிங்க பலதுக்கு தாக்குப்பிடிக்க முடியாது. பாலுக்கு உறை ஊத்தறதும் இதுதான், நல்ல தயிர் ஒரு ஸ்பூன் விட்டா கெட்டித் தயிரு, ஒண்ணும் விடாம வெச்சா கெட்டுப்போகும்.

சரி, எடைக்கு வருவோம். குறைமாசக் குழந்தைக்கு லாக்டோஸ உடைக்கற லாக்டேஸ்ங்கற என்சைம் குறைவா இருக்கும், அது கடைசி மாசங்கள்லதான் நல்லா ஊறும். அதனால பாலோட சர்க்கரைல ஒரு பங்கு செரிக்காம பெருங்குடலுக்கு வந்துடும். அங்க பிஃபிடோ இருந்தா அதை அமிலமா மாத்தும், கேஸ் வராது. அந்த அமிலத்தை குடல் உறிஞ்சிக்கும், வீணாப்போக இருந்த சத்துல ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். அதே சர்க்கரை க்ளெப்சியெல்லா கைல, ஈ.கோலை கைல கிடைச்சா ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் கிளம்பும். ஒரே பாலு, ஒரே எம்எல்லு, ஒரு குழந்தைக்கு கலோரி, இன்னொண்ணுக்கு வயித்துப் பொருமல். வயிறு உப்பினா சிஸ்டர் டேப் வெச்சு சுத்தளவு பாப்பாங்க, கூடியிருந்தா ஃபீட் ஸ்டாப். ஒரு நாள் ஸ்டாப் பண்ணா மறுபடி பழைய அளவுக்கு வர நாலஞ்சு நாள். கேஸ் மட்டுமே காரணம்னு சொல்ல வரல, குடலோட அசைவே இந்த வயசுல சரியா இருக்காது, ஆனாலும் எங்க பாப்பா கணக்குல உதைச்ச இடம் இதுவா இருக்குமோன்னு அப்பதான் தோணுச்சு.

இதோட கொடூரமான முனை ஒண்ணு இருக்கு, என்ஈசின்னு சொல்வாங்க, குடல் சுவர் அழுகிப்போற நோய். ஒன்றரை கிலோவுக்குக் கீழ இருக்கற குழந்தைங்கள்ல நூத்துக்கு அஞ்சாறு பேருக்கு வருது, வந்தவங்கள்ல நாலுல ஒண்ணு தவறிடுது. எக்ஸ்ரேல குடல் சுவருக்குள்ளயே கேஸ் குமிழி தெரியும். குறைமாசக் குடல்ல சில கிருமிகளைக் கண்டதும் அலாரம் அடிக்கற சென்சார் மாதிரி ஒரு மூலக்கூறு ஓவரா இருக்கு, கொஞ்சம் கிருமி உரசினாலே ஊரையே கூட்டி சண்டை போடும், அந்த சண்டைல சேதமாகறது சொந்தக் குடலுதான். தாய்ப்பால் குடிக்கற குழந்தைங்களுக்கு இது கணிசமா குறைவு. 2009ல அமெரிக்காவுல ஒரு கிலோவுக்கு மேல போகாத 4,000க்கும் மேற்பட்ட குழந்தைங்களோட ரெக்கார்டை பாத்தாங்க, கல்ச்சர்ல, அதாவது ரத்தத்துல கிருமி இருக்கான்னு வளத்துப் பாக்கற டெஸ்ட்ல, ஒண்ணும் இல்லன்னு வந்தும் பயத்துல 5 நாளோ அதுக்கு மேலயோ ஆன்டிபயாட்டிக் ஓட்டின குழந்தைங்களுக்கு என்ஈசியோ மரணமோ வர்ற ஆபத்து அதிகமா இருந்துச்சு. ஆன்டிபயாட்டிக்கே வேணாம்னு அர்த்தம் இல்ல, செப்சிஸ், அதாவது ரத்தத்துல கிருமி பரவி உடம்பே பாதிக்கற நிலை, வந்தா ஆன்டிபயாட்டிக்தான் உசுரு. கல்ச்சர் ரிசல்ட் வந்துருச்சா டாக்டர், இன்னும் தொடரணுமான்னு பணிவா கேக்கலாம், நாங்க கேட்டோம், டாக்டர் கோச்சுக்கல, மறுநாளே நிறுத்தினாரு.

சண்டைன்னு சொன்னேன்ல, அதுலயும் எடை போகுது. உடம்புல அழற்சி ஓடிக்கிட்டே இருந்தா சாப்பிட்ட கலோரி அங்க எரியும், வளர்ச்சிக்கு சிக்னல் குடுக்கற ஐஜிஎஃப்-1ங்கற ஹார்மோனும் இறங்கும். 2016ல பிரான்ஸ்ல லியோன்ல எலிங்கள வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு கிருமியும் இல்லாம வளத்த எலிக்குட்டிங்க, அதே சாப்பாடு சாப்பிட்ட சாதாரணக் குட்டிங்கள விட எடைலயும் நீளத்துலயும் குட்டையா நின்னுச்சு, ஐஜிஎஃப்-1 கம்மி. லாக்டோபாசில்லஸ் பிளான்டாரம் வகைல ஒரு குறிப்பிட்ட கிருமிய மட்டும் குடுத்ததும் வளர்ச்சி கூடுச்சு. எலி வேற, நம்ம பாப்பா வேற, அது தெரியும். 2019ல அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகத்து ஆளுங்க ரொம்ப ரொம்பக் குறைமாசத்துல பொறந்த குழந்தைங்களையே பாத்தாங்க. வளராம தேங்கி நின்ன குழந்தைங்க குடல்ல கிருமி வகைங்க கம்மி, ஸ்டெஃபைலோகாக்கஸும் ஈ.கோலை குடும்பமும்தான் ஆட்சி, ரத்தத்துல இருந்த பொருளுங்கள அளந்தா பட்டினி கிடக்கற உடம்போட சாயல் தெரிஞ்சுச்சு. ஆனா கிருமி சரியில்லாததால வளரலையா, வளராத, நோயில கிடக்கற குடல்ல கிருமி சரியா வரலையாங்கறத இந்த மாதிரி ஆராய்ச்சி தீர்த்துச் சொல்லாது. படிக்கறப்ப இதை மறந்துடக்கூடாது.

பங்களாதேஷ்ல ஒரு படி மேல போனாங்க. டாக்காவுல ஐசிடிடிஆர்பின்னு பழைய ஆராய்ச்சி நிலையம், ஓஆர்எஸ் கரைசலுக்கு பேர் போன இடம். அங்கத்த குழந்தைங்க மலத்தை வெச்சு 2014ல ஜெஃப்ரி கார்டன்ங்கற அமெரிக்க ஆராய்ச்சியாளரோட குழு காட்டினது, ஊட்டச்சத்துக் குறைஞ்ச குழந்தையோட குடல் கிருமிக் கூட்டம் அதோட வயசை விட சின்ன வயசா இருக்குது, சாப்பாடு குடுத்து தேத்தினாலும் கொஞ்ச நாள்ல மறுபடி பின்னாடி போயிடுது. 2022ல 2ல இருந்து 6 மாசம் வரைக்குமான, ரொம்ப மோசமா மெலிஞ்ச பாப்பாக்களுக்கு நாலு வாரம் இன்ஃபான்டிஸ் குடுத்துப் பாத்தாங்க, வெத்துப் பொடி குடுத்த குழந்தைங்கள விட எடை நல்லா ஏறுச்சு. சின்ன ஆராய்ச்சிதான், குறைமாசக் குழந்தைங்களும் இல்ல, ஆனா குழந்தைக்கு குடுத்தே பாத்தது இது.

இதைப் படிச்ச உடனே எனக்கு வந்த புத்தி உங்களுக்கும் வரும், மெடிக்கல் ஷாப்ல ஒரு ப்ரோபயாட்டிக், அதான் உயிரோட இருக்கற நல்ல கிருமிப் பொடி, சாஷே வாங்கி கரைச்சுக் குடுத்தா முடிஞ்சுதுல்ல? முடியல. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துல 1,099 குழந்தைங்கள வெச்சுப் பண்ண ஆராய்ச்சி 2013ல வந்துச்சு, மூணு கிருமி கலந்து குடுத்ததுல என்ஈசி 4.4 சதவீதத்துல இருந்து 2 ஆச்சு, செப்சிஸ் குறையல. இங்கிலாந்துல 1,315 குழந்தைங்கள சேத்து, அதுல ஒரு பாதிக்கு வேற ஒரு பிஃபிடோ குடுத்தாங்க, 2016ல ரிசல்ட், ஒரு பிரயோஜனமும் தெரியல. அதுல ஒரு வேடிக்கை, கிருமியே குடுக்காத குழந்தைங்கள்லயும் கிட்டத்தட்ட பாதிப்பேர் வயித்துல அந்தக் கிருமி வந்து உக்காந்திருந்துச்சு! ஒரே வார்டு, அதே கைங்க, அதே பொருளுங்க. என்ஐசியு வாசல்ல முழங்கை வரைக்கும் சோப்பு போட்டு கழுவச் சொல்லி சிஸ்டர் கத்துறது ஏன்னு இந்த ஒரு விஷயத்துலயே புரிஞ்சுபோச்சு.

நம்ம நாட்டு ஆராய்ச்சி ஒண்ணு ரொம்ப பேமஸ். ஒடிசா கிராமங்கள்ல 4,556 பச்சக்குழந்தைங்கள சேத்து, ஒரு பாதிக்கு பொறந்த முதல் சில நாள்ல ஆரம்பிச்சு 7 நாள் பிளான்டாரம் கிருமியும் அதுக்குத் தீனியா ஒரு சர்க்கரையும் சேத்துக் குடுத்தாங்க, மறு பாதிக்கு வெத்துப் பொடி, 2017ல வெளிவந்துச்சு. செப்சிஸோ மரணமோ வந்த குழந்தைங்க 9 சதவீதத்துல இருந்து 5.4 ஆச்சு. பெரிய விஷயம்தான். ஆனா அதுல சேத்த குழந்தைங்க 35 வாரமாச்சும் ஆனவங்க, 2 கிலோவுக்குக் குறையாதவங்க, தாய்ப்பால் குடிச்சவங்க. 1,300 கிராம் பாப்பாவுக்கு அந்த நம்பரைத் தூக்கி ஒட்ட முடியாது, ஃபார்வர்டு மெசேஜ்ல அந்த வரி மட்டும் எப்பவும் காணாமப்போயிருக்கும்.

இன்னொரு பக்கம், 2023ல அமெரிக்காவுல ப்ரோபயாட்டிக் குடுத்த ஒரு குறைமாசக் குழந்தை ரத்தத்துல அதே கிருமி பரவி தவறிடுச்சு, அங்கத்த மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விட்டுச்சு. அதுக்கு முந்தின வருஷம் உலக சுகாதார நிறுவனமோ 32 வாரத்துக்கு முன்னாடி பொறந்து தாய்ப்பால் குடிக்கற குழந்தைங்களுக்கு ப்ரோபயாட்டிக் பத்தி யோசிக்கலாம்னு சொல்லியிருந்துச்சு. பெரியவங்களே ரெண்டு பக்கமா நிக்கறாங்க. எந்த வகை, எந்த கம்பெனி, பாக்கெட்டுக்குள்ள சொன்னதுதான் இருக்கா, எந்தக் குழந்தைக்கு, இதெல்லாம் வார்டு டாக்டர் முடிவு பண்ண வேண்டியது. கடைல வாங்கி நம்மளா ஊத்தறது கூடவே கூடாது.

அப்ப நம்ம கைல என்ன இருக்கு? அக்காவோட பாலுதான். அதுல கிருமியும் இருக்கு, கிருமிக்குத் தீனியும் இருக்கு. ஆபரேஷன் ஆன அன்னிக்கு ராத்திரி அவளுக்கு வந்தது ரெண்டு மூணு சொட்டு, கூச்சத்துல கீழ ஊத்தப்போனா. பக்கத்துல இருந்த சிஸ்டர் ஓடிவந்து சிரிஞ்சுல உறிஞ்சி எடுத்து பாப்பா கன்னத்துக்கு உள்பக்கம் தடவினாங்க, "அக்கா, இது பாலு இல்ல, தங்கம்"னாங்க. ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருதடவை பீய்ச்சணும், ராத்திரியும், அலாரம் வெச்சு எழுப்பறது என் வேலை. அம்மா பாலு பத்தலன்னா அடுத்தது தாய்ப்பால் வங்கி, மும்பை சயான் ஆஸ்பத்திரில 1989ல டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் ஆரம்பிச்சதுதான் ஆசியாவுலயே முதல்னு சொல்வாங்க, இப்ப நம்ம ஊரு பெரிய அரசு ஆஸ்பத்திரிங்கள்லயும் இருக்கு. வங்கிப் பாலை 62.5 டிகிரில அரை மணி நேரம் சூடு பண்ணுவாங்க, கிருமிங்க கிட்டத்தட்ட எல்லாம் செத்துடும், ஆனா அந்த சர்க்கரைச் சங்கிலிங்க பெரும்பாலும் தப்பிச்சுடும். தாய்ப்பால் மட்டும் இந்தக் குட்டிங்களுக்குப் போதாதுன்னு மேல ஒரு சத்துப்பொடி கலப்பாங்க, புரதத்துக்கும் கால்சியத்துக்கும், அதைப் பாத்து பவுடர் பால் குடுக்கறாங்கன்னு நாங்க சண்டைக்குப் போய் வழிஞ்சது தனிக்கதை.

அப்புறம் கங்காரு. 1978ல கொலம்பியாவுல பொகோட்டா ஆஸ்பத்திரில இன்குபேட்டர் பத்தாம எட்கர் ரே சனாப்ரியாங்கற டாக்டர் அம்மா நெஞ்சுலயே குழந்தைய கட்டிவிட ஆரம்பிச்சாரு. நம்ம டெல்லி சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் சேந்து அஞ்சு நாடுகள்ல 3,211 குழந்தைங்கள வெச்சுப் பண்ண ஆராய்ச்சி 2021ல வந்துச்சு, குழந்தை தேறட்டும்னு காத்திருக்காம பொறந்த உடனே கங்காரு வெச்சதுல முதல் 28 நாள் மரணம் 15.7 சதவீதத்துல இருந்து 12 ஆச்சு. செப்சிஸ் சந்தேகமும் குறைஞ்சுது. அம்மா தோலுல இருக்கற வீட்டுக் கிருமிங்க அப்படியே ஒட்டிக்கறது ஒரு காரணமா இருக்கலாம்னு சொல்றாங்க, பாலு நல்லா சுரக்கறதும் காரணம்.

இந்த நேரத்துலதான் எங்க அம்மாச்சி ஊர்ல இருந்து வந்தாங்க, ஒரு சின்ன சில்வர் டப்பாவோட. கழுதைப்பாலு. ஒரு சங்கு குடுத்தா குரலும் நல்லா வரும், நோயும் அண்டாதுன்னு. கூடவே சேனை வைக்க தேனும் வேணுமாம். இப்ப யோசிச்சா அம்மாச்சி தப்பா நினைக்கல, முதல்ல உள்ள போறது குழந்தையோட உடம்பையே தீர்மானிக்கும்ங்கறது அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு, ஆளைத்தான் மாத்திப் பிடிச்சிருக்காங்க. தேன்ல பொட்டுலிசம் வித்து இருக்கலாம், ஒரு வயசுக்குள்ள எந்தக் குழந்தைக்கும் ஆகாது, காய்ச்சாத கழுதைப்பால்ல என்ன ஏறி வருதுன்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். சிஸ்டர் அம்மாச்சிய உக்காரவெச்சு, "பாட்டி, இதோட குடல் இன்னும் அம்மா வயித்துக்குள்ள இருக்கறதாதான் நினைச்சுக்கிட்டிருக்கு, அம்மா பாலத் தவிர எது போனாலும் மிரண்டுடும்"னாங்க. அம்மாச்சி டப்பாவ மூடிட்டாங்க, மூஞ்சியத் தூக்கிவெச்சுக்கிட்டுதான்.

16வது நாள் பொறந்த எடைக்குத் திரும்பி வந்துச்சு. ட்யூபு எடுத்து பாலாடைல ஊட்ட ஆரம்பிச்சப்ப 1,610. வீட்டுக்கு வந்தப்ப 1,840. ஒரு நாள் துணி மாத்தறப்ப ஆய் நல்ல மஞ்சளா, கடுகு கடுகா இருந்துச்சு, அம்மாச்சி குனிஞ்சு மோந்து பாத்துட்டு, "என்னடி இது, நாத்தமே இல்ல, புளிச்ச மோர் வாசம் அடிக்குது, வயித்துக்கு ஆகலையா?"ன்னு பதறிட்டாங்க. நான் டிஸ்ஸியேல இருந்து ஆரம்பிச்சு சொல்லலாம்னு வாயைத் தொறந்தேன். அக்கா குழந்தைய வாங்கிக்கிட்டு, "அது நல்ல வாசம்தான் அம்மாச்சி, துணிய அலசிப்போடுங்க"ன்னுட்டு பால் குடுக்க உள்ள போயிட்டா.